நட்சத்திரம் கேட்காத பரிந்துரை: கைத்தறிக் கடை ஒன்றை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரையுள்ள கரையோரத்தில் இணையம் வழியாகப் பொருள் விற்கும் சிறு கடைகளில், வாங்கியவர்கள் நட்சத்திரம் போட்டு மதிப்பிடுவது மிக அரிது. பிடித்திருந்தால் மறுபடி வாங்குவார்கள். பிடிக்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் வேறிடம் போய்விடுவார்கள். ஆனால் வாங்குவதற்கு முன் எதைத் திறந்து பார்த்தார்கள், எந்தப் படத்தைப் பெரிதாக்கினார்கள், எதை இரண்டு நாள் கழித்து மறுபடி தேடி வந்தார்கள், எதற்கு வாட்ஸ்அப்பில் விலை கேட்டார்கள் என்பதெல்லாம் பதிவாகிறது. புடவைக்கடை முதலாளி வாடிக்கையாளரின் வாயைப் பார்ப்பதில்லை. எந்த மடிப்பை விரித்துத் தடவிப் பார்க்கிறார் என்றுதான் கவனிக்கிறார். அந்தக் கவனத்தைக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பதே மறைமுகப் பின்னூட்டத்திலிருந்து பரிந்துரை செய்வது.

தொடங்குபவர்களில் பெரும்பாலானோர் நேரே அல்கோரிதத்துக்கு ஓடுகிறார்கள். என் உறுதியான கருத்து, அதற்கு முன்பே பாதி முடிவு தீர்மானமாகிவிடுகிறது என்பதே. எந்தச் செயலை என்னவாக எண்ணுகிறோம், விளைவை எதைக்கொண்டு அளக்கிறோம் என்ற இரண்டும் பிழைத்தால் எவ்வளவு நுணுக்கமான கணிதமும் காப்பாற்றாது. அதனால் இங்கே அந்த இரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு மருதமுனையில் ஒரு கைத்தறிக் கடையைக் கற்பனை செய்துகொள்வோம். சாறன் (கைலி), சேலை, படுக்கை விரிப்பு என 400 வடிவமைப்புகள், 2,000 வாடிக்கையாளர்கள், ஓர் ஆண்டுப் பதிவு. எண்கள் கணக்குக் காட்டுவதற்கு மட்டுமே.

பார்க்காததும் பிடிக்காததும் ஒன்றல்ல

பரிந்துரை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2006 இல் அறிவித்த பத்து லட்சம் டாலர் போட்டி. 2009 இல் முடிந்த அந்தப் போட்டியின் இலக்கு, ஒருவர் ஒரு படத்துக்கு எத்தனை நட்சத்திரம் போடுவார் என்பதை நிறுவனத்தின் அப்போதைய முறையைவிட 10 சதவீதம் கூடுதல் துல்லியமாகக் கணிப்பது. அதனால் பரவலான பாடங்கள் பலவும் நட்சத்திரக் கணிப்பிலேயே நின்றுவிட்டன. நம் கடையில் நட்சத்திரம் இல்லை.

வென்ற குழுவிலிருந்த யெஹுதா கோரன், கிறிஸ் வொலின்ஸ்கி ஆகிய இருவரும் யிபான் ஹுவுடன் சேர்ந்து 2008 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் நமக்கு வேண்டியது. அவர்களிடம் இருந்த தரவு தொலைக்காட்சியோடு இணைக்கும் சுமார் 3 லட்சம் செட்-டாப் பெட்டிகளின் பார்வைப் பதிவு. ஒரு பெட்டிக்கு முன்னால் ஒரு குடும்பமே இருக்கும். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்துக்கொண்டிருந்தவர் தூங்கியும் போயிருக்கலாம். நம் ஊரில் ஒரு கைபேசியை வீட்டில் நான்கு பேர் பயன்படுத்துவதைப் போன்றதே அந்தச் சிக்கல்.

அவர்கள் செய்த முக்கியமான காரியம், ஒரே எண்ணை இரண்டாகப் பிரித்தது. முதலாவது விருப்பம்: தொட்டிருந்தால் 1, தொடாவிட்டால் 0. இரண்டாவது அந்த 1 அல்லது 0 மீது நமக்குள்ள நம்பிக்கை. ஒரு சாறனை ஐந்து முறை பார்த்தவருக்கு அது ஒருமுறை பார்த்தவரைவிட ஐந்து மடங்கு பிடிக்கும் என்று பொருள் கொள்ளக்கூடாது. அவருக்கு அது பிடிக்கும் என்று நாம் இன்னும் உறுதியாகச் சொல்லலாம், அவ்வளவே. பார்க்காத சாறனுக்கு 0 கொடுத்தாலும் அந்த 0 மீது மிகச் சிறிய நம்பிக்கையே வைக்கிறோம். ஏனெனில் அவர் கண்ணில் அது படாமலே இருந்திருக்கலாம்.

படி 1: பதிவேட்டை ஒழுங்காக எழுதுங்கள்

ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு வரி. வாடிக்கையாளர் எண், வடிவமைப்பு எண், என்ன நடந்தது, எப்போது நடந்தது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருந்தது. கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். முதலிடத்தில் இருந்த பொருளை அதிகம் பேர் தொடுவது இயல்பு. இடத்தைப் பதியாவிட்டால் அது பொருளின் சிறப்பா இடத்தின் சிறப்பா என்று பின்னால் பிரிக்க முடியாது.

திரையில் காட்டியதையும் பதியுங்கள், தொடாவிட்டாலும். காட்டியும் தொடாதது வேறு, காட்டவே இல்லாதது வேறு. இந்தத் தகவல் பின்னால் தேடினால் கிடைக்காது.

நம் பகுதிக் கடைகளுக்கு இன்னும் மூன்று சிக்கல்கள் உண்டு. வெளிநாட்டுப் பாடங்களில் இவற்றைத் தேடினாலும் கிடைப்பது கடினம்.

முதலாவது வாட்ஸ்அப். தளத்தில் பார்த்துவிட்டு, படத்தைப் பிடித்து அனுப்பி, “இது இருக்கிறதா?” என்று கேட்டு அங்கேயே விலை பேசி முடித்துவிடுகிறார்கள். தளத்தின் பதிவில் பார்வை மட்டும் இருக்கும், விற்பனை இருக்காது. மிகச் சிறந்த சான்று இப்படித்தான் கை நழுவுகிறது. தீர்வு எளிது: ஒவ்வொரு பொருளின் கீழும் ஒரு வாட்ஸ்அப் பொத்தானை வையுங்கள். அதைத் தொட்டால் வடிவமைப்பு எண்ணும் வருகைக் குறியீடும் முன்கூட்டியே எழுதப்பட்ட செய்தி திறக்கட்டும். ஆர்டரை எழுதுபவர் அந்த இரண்டையும் பதிவேட்டில் சேர்த்தால் பார்வையும் விற்பனையும் ஒன்றோடொன்று இணைந்துவிடும்.

இரண்டாவது, பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கும் முறை. ஆர்டர் செய்தது வாங்கியதாகாது. கூரியர்காரர் வாசலில் நிற்கும்போது வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. ஆகவே ‘ஆர்டர்’, ‘கையளித்தது’, ‘திரும்பியது’ ஆகிய மூன்றையும் தனித்தனி நிகழ்வாக வையுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் வீதி மூடப்பட்டுத் திரும்பிய பொதிக்கு வாடிக்கையாளர் பொறுப்பல்ல. அதற்குத் தனிக் குறி வேண்டும்.

மூன்றாவது, பக்கத்தில் செலவிட்ட நேரம். இதை விருப்பத்தின் அளவாக எடுக்கச் சொல்லும் பாடங்கள் நிறைய. இணைப்பு மெதுவாக இருக்கும் இடத்தில் படம் இறங்குவதற்கே அரை நிமிடம் போகலாம். அந்த அரை நிமிடம் ஆசையைக் காட்டவில்லை, அலைவரிசையைக் காட்டுகிறது. நேரத்தை விட்டுச் செயல்களை எண்ணுங்கள்: இரண்டாவது படத்துக்கு நகர்ந்தார், பெரிதாக்கினார், நீள அகல விவரத்தைத் திறந்தார்.

கடைக்காரரும் ஊழியர்களும் தங்கள் தளத்தைத் தாங்களே நாள்தோறும் திறந்து பார்ப்பார்கள். அந்தக் கணக்குகளையும் தேடுபொறிகளின் தானியங்கி வருகைகளையும் முதலிலேயே நீக்கிவிடுங்கள்.

படி 2: பொருளுக்கு அடையாளம் கொடுங்கள்

ஆலைத் துணி என்றால் ஒரே எண்ணில் ஆயிரம் துண்டு வரும். கைத்தறி அப்படியல்ல. ஒரு பாவில், அதாவது தறியில் ஒருமுறை ஏற்றும் நீளவாட்டு நூலில், சில துண்டுகளே இறங்கும். அடுத்த பாவில் கரை மாறும், நிறம் சற்று விலகும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண் கொடுத்தால், பொருளைப் பற்றிக் கணினி எதையாவது கற்றுக்கொள்ளும் முன்பே அது விற்றுத் தீர்ந்திருக்கும்.

எனவே துண்டு எண் சரக்குக் கணக்குக்கு இருக்கட்டும். பரிந்துரைக்கு வடிவமைப்பு எண் ஒன்றை உருவாக்குங்கள்: வகை, கரையின் அமைப்பு, அடிப்படை நிறம், நூலின் தரம் ஆகியவை ஒத்திருந்தால் ஒரே வடிவமைப்பு. இந்தத் தொகுப்பைப் படத்தைப் பார்த்து ஒரு மென்பொருள் செய்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். நெசவைத் தெரிந்த ஒருவர் அருகில் இருந்தால் 400 வடிவமைப்புகளை அவரே நன்றாகப் பிரித்துத் தருவார். இந்தப் படியில் செலவாகும் உழைப்பு, பின்னால் வரும் எந்தக் கணிதத்தைவிடவும் அதிக பலன் தரும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

படி 3: செயல்களுக்கு எடை போடுங்கள்

தொடக்கத்துக்கு இப்படி வைக்கலாம். பக்கத்தைத் திறந்தது 1. பெரிதாக்கியது அல்லது விவரம் திறந்தது 2. வாட்ஸ்அப் பொத்தான் 5. கையளித்த விற்பனை 10. வாசலில் மறுத்துத் திரும்பியது என்றால் அந்த ஆர்டருக்கு விற்பனை எடை கொடுக்காதீர்கள். எதிர்மறை எடை கொடுக்க அவசரப்பட வேண்டாம். மறுப்புக்குக் காரணம் அன்று கையில் காசு இல்லாததாகவும் இருக்கலாம்.

பழைய செயலின் எடை தேய வேண்டும். 60 நாளில் பாதி, 120 நாளில் கால் என்று தொடங்குங்கள்.

அடுத்து, கூட்டுத்தொகையை நம்பிக்கையாக மாற்ற வேண்டும். 2008 கட்டுரையின் எளிய சூத்திரம்: நம்பிக்கை = 1 + ஆல்ஃபா × எடை. ஆல்ஃபா என்பது எடையை எத்தனை மடங்காக்குவது என்று நாமே தெரிவு செய்யும் எண். அவர்களுடைய தரவில் ஆல்ஃபா 40 நன்றாக வேலை செய்தது. அந்த 40 ஐ அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் ஒரே சேலையை 30 முறை திறந்தால் நம்பிக்கை 1,201 ஆகிவிடும். பார்வை 3, விற்பனை 10 என மொத்தம் 13 எடை பெற்றவருக்கோ 521. வாங்கியவரைவிட வெறுமனே பார்த்தவர் மேலே போய்விடுகிறார். அதே கட்டுரை, பெரிய எண்களின் வளர்ச்சியை அடக்கும் மடக்கை (லாக்) வடிவத்தையும் தருகிறது. ஆல்ஃபா 10 என வைத்து, நம்பிக்கை = 1 + 10 × மடக்கை(1 + எடை) என்று இயற்கை மடக்கையில் கணக்கிட்டால் முதலாமவருக்கு ஏறக்குறைய 35, இரண்டாமவருக்கு 27. இடைவெளி அடங்கிவிட்டது. இன்னும் சரிசெய்ய வேண்டுமானால் ஒரே நாளில் ஒரே பொருளைப் பலமுறை திறந்ததை ஒருமுறையாக எண்ணுங்கள். சிறு கடைக்கு மடக்கை வடிவத்தையே பரிந்துரைக்கிறேன்.

படி 4: அளவுகோலை முதலில் நடுங்கள்

மாதிரியை, அதாவது பதிவிலிருந்து கற்றுப் பரிந்துரை தரும் கணக்குமுறையை, கட்டும் முன் அளவுகோலைக் கட்டுங்கள். பதிவுகளைக் குலுக்கிப் பிரிக்காதீர்கள், காலத்தால் பிரியுங்கள். முதல் பதினொரு மாதம் கற்பதற்கு, கடைசி மாதம் சோதனைக்கு. குலுக்கிப் பிரித்தால் பெருநாளுக்குப் பின் நடந்ததைப் பார்த்துப் பெருநாளுக்கு முன் நடந்ததைக் கணிக்கும் நிலை வரும். தாளில் எண் அழகாக இருக்கும், கடையில் வேலை செய்யாது.

சோதனை மாதத்தில் ஒருவர் புதிதாக மூன்று வடிவமைப்புகளை நாடியிருந்தால், நம் பத்துப் பரிந்துரைகளில் அவற்றுள் எத்தனை இருந்தன? ஒன்று என்றால் மூன்றில் ஒரு பங்கு. இதையே ‘ரீகால்’ என்கிறார்கள். அந்த ஒன்று எத்தனையாவது இடத்தில் இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க என்டிசிஜி என்ற அளவு உண்டு: முதலிடத்தில் இருந்தால் முழு மதிப்பு, மூன்றாவதில் பாதி, ஏழாவதில் மூன்றில் ஒன்று. கைபேசித் திரையில் மூன்று நான்கு பொருட்களே தெரிவதால் இது நமக்கு முக்கியம்.

ஒப்பிட இரண்டு அடிமட்டங்கள் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு 400 இல் 10 காட்டினால் எதிர்பார்க்கக்கூடிய ரீகால் 2.5 சதவீதம். கடந்த முப்பது நாளில் அதிகம் விற்ற பத்தை எல்லோருக்கும் காட்டினால் கிடைப்பது அதைவிட மிக அதிகமாக இருக்கும். இந்த இரண்டாவதைத் தாண்டாத மாதிரியைத் தளத்தில் ஏற்றவே வேண்டாம்.

மூன்றாவதாக ஓர் அளவையும் சேர்க்கச் சொல்வேன். அனைவருக்கும் செய்த பரிந்துரைகளை ஒன்றாகச் சேர்த்தால் 400 வடிவமைப்புகளில் எத்தனை ஒருமுறையேனும் வருகின்றன? 30 மட்டும் என்றால், மீதி 370 ஐ நெய்தவர்களின் உழைப்பு வாடிக்கையாளர் கண்ணிலேயே படப்போவதில்லை. காட்டாதது விற்காது, விற்காததை மாதிரி மறுபடி காட்டாது. தறி நின்ற பிறகு அந்தச் சுழலை எந்த மென்பொருளாலும் திருப்ப முடியாது.

படி 5: பொருளிலிருந்து பொருளுக்கு

முதல் மாதிரியாக இதையே கட்டுங்கள். அமேசான் 2003 இல் விளக்கிய முறையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே: இதை நாடியவர்கள் வேறு எதை நாடினார்கள்?

நீலக் கரைச் சாறனை 50 பேர் நாடியிருக்கிறார்கள். பச்சைக் கரைச் சாறனை 8 பேர். இரண்டையும் நாடியவர்கள் 6. வெள்ளைச் சாறன் எல்லோரும் வாங்குவது, 450 பேர். நீலத்தையும் வெள்ளையையும் நாடியவர்கள் 30. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் வெள்ளை வெல்லும். ஆனால் இணை எண்ணிக்கையை இரு பொருட்களின் எண்ணிக்கைப் பெருக்கத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால், பச்சைக்கு 6 ÷ 20 = 0.3; வெள்ளைக்கு 30 ÷ 150 = 0.2. பச்சைதான் நீலத்தின் உண்மையான உறவு.

ஓர் ஆபத்து உண்டு. இரண்டு அரிய சேலைகளை ஒரே ஒருவர் பார்த்திருந்தால் 1 ÷ 1 = 1 என்று அவை உச்சத்துக்குப் போய்விடும். வகுக்கும் எண்ணோடு 10 ஐக் கூட்டுங்கள். பச்சை 0.2, வெள்ளை ஏறக்குறைய 0.19, அந்த அரிய சோடி 0.09 என இறங்கிவிடும். அந்த 10 ஐ எவ்வளவாக வைப்பது என்பதை உங்கள் சோதனை மாதம் சொல்லும்.

இந்த முறையை, தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்கியூஎல் தெரிந்தவர் ஒரு பகலில் எழுதிவிடலாம். ‘நீலக் கரை பார்த்ததால் இது’ என்று வாடிக்கையாளருக்குக் காரணமும் சொல்லலாம். பல கடைகளுக்கு இதற்கு மேல் தேவையே இராது.

படி 6: தாயத்தைக் காரணிப்படுத்துதல்

2,000 பேர் × 400 வடிவமைப்புகள் என்றால் 8 லட்சம் கட்டங்கள் கொண்ட தாயம் (மேட்ரிக்ஸ்), அதாவது ஓர் எண் அட்டவணை. அதில் 12,000 நிரம்பியிருந்தால் 98.5 சதவீதம் வெறுமை. அதைக் காரணிப்படுத்துவது என்றால் இரண்டு சிறு தொகுப்புகளாக உடைப்பது: ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் 32 எண்களின் வரிசையான ஒரு காவி (வெக்டர்), ஒவ்வொரு வடிவமைப்புக்கும் அதே நீளத்தில் ஒரு காவி. இரண்டின் புள்ளிப் பெருக்கம் (ஒத்த இடத்து எண்களைப் பெருக்கிக் கூட்டுவது) தொட்ட இடத்தில் 1 ஐயும் தொடாத இடத்தில் 0 ஐயும் நெருங்க வேண்டும்; விலகலுக்கான தண்டனை படி 3 இல் கண்ட நம்பிக்கையால் பெருக்கப்படும். காவிகளின் எண்கள் அளவுமீறிப் பெருகாதிருக்க ஒரு கட்டுப்பாட்டு எண்ணும் உண்டு.

இரு பக்கக் காவிகளையும் ஒருசேரக் கண்டுபிடிப்பது கடினம். பொருள் பக்கத்தை நிறுத்தி வைத்தால் வாடிக்கையாளர் பக்கம் சாதாரண இழிவு வர்க்கக் கணக்காக (விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகையைக் குறைப்பதாக) ஆகிவிடுகிறது. பின் அதை நிறுத்தி இதைத் தீர்க்கலாம். மாற்றி மாற்றி 15 சுற்று ஓடினால் போதுமான அளவு அடங்கிவிடும். வெறுமையான கட்டங்களும் கணக்கில் சேர்வதால் சுமை பெரிதாகத் தெரியும். ஆனால் அவை எல்லாவற்றுக்கும் நம்பிக்கை 1 தான். அவற்றுக்கான பெருக்கத்தை ஒரு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் கணக்கிட்டு, ஒவ்வொருவரும் தொட்ட பொருட்களுக்கு மட்டும் திருத்தம் செய்தால் போதும். இந்தச் சூழ்ச்சியால்தான் நம் அளவுத் தரவுக்குச் சாதாரண மடிக்கணினியே போதுமாகிறது.

பைதான் என்ற நிரல் மொழியில் ‘இம்ப்ளிசிட்’ என்ற திறந்த மென்பொருள் நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) இதைத் தயாராகத் தருகிறது. ஒரு எச்சரிக்கை: 0.5 பதிப்பிலிருந்து தாயத்தின் நிரை (கிடைவரிசை) வாடிக்கையாளர், நிரல் (நெடுவரிசை) பொருள். அதற்கு முந்திய பதிப்புகளில் பயிற்றுவிக்கும்போது தலைகீழ். இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகளை ஒட்டினால் பிழைச் செய்தி வராமலே தவறான விடை வரலாம். பயிற்றுவித்ததும் நன்கு தெரிந்த ஒரு சாறனை எடுத்து, அதற்கு நெருங்கியவை என்று மாதிரி சொல்லும் பத்தைக் கண்ணால் பாருங்கள். நடுவே படுக்கை விரிப்புகள் நிறைந்து வந்தால் எங்கோ நிரையும் நிரலும் மாறியிருக்கிறது.

ஸ்டெஃபன் ரெண்டில் குழுவினர் 2009 இல் தந்த பிபிஆர் முறை, தொட்டதைத் தொடாததற்கு மேலே வரிசைப்படுத்தக் கற்றுக்கொள்கிறது. அதையும் அதே நூலகத்தில் சோதிக்கலாம். பல அடுக்குக் கணக்குகளால் கற்கும் ஆழ்கற்றல் வலையமைப்புகளுக்கு இந்த அளவுத் தரவில் நான் போகமாட்டேன். 2019 இல் டக்ரெமா, கிரெமோனேசி, யன்னாக் ஆகிய ஆய்வாளர்கள் அத்தகைய 18 புதிய முறைகளை எடுத்துப் பார்த்தபோது, நியாயமான முயற்சியில் மறுபடி செய்துகாட்ட முடிந்தவை 7 மட்டுமே. அவற்றிலும் 6 ஐ எளிய முறைகளே பெரும்பாலும் வெல்ல முடிந்தது.

படி 7: திரைக்கு வரும் முன் ஒரு சல்லடை

மாதிரி தரும் 50 இல் இருந்து 10 ஐத் தெரிவு செய்யுங்கள். இருப்பில் இல்லாததை நீக்குங்கள். வாங்கியதை மறுபடி காட்டலாமா என்பது பொருளைப் பொறுத்தது: சாறனை அதே வடிவில் மறுபடி வாங்குவார்கள், கலியாணச் சேலையை வாங்கமாட்டார்கள். பத்தில் இரண்டு இடத்தை இதுவரை அதிகம் காட்டப்படாத வடிவமைப்புகளுக்கு ஒதுக்குங்கள். படி 4 இல் சொன்ன சுழல் அங்கேதான் உடையும்.

பண்டிகைக் காலத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் ஏறத்தாழ அதே தேதியில் வரும். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே நகரும். ‘சென்ற ஆண்டு இதே வாரம்’ என்ற ஒப்பீடு நம் கரையோரத்தில் பாதிக் கடையைத் தவறவிட்டுவிடும். ‘அடுத்த பெருநாளுக்கு எத்தனை நாள்’ என்று கணக்கு வையுங்கள்.

இதைச் செய்யும்போது ஒரு குறுக்குவழி கண்ணில் படும்: பெயரைப் பார்த்து இன்னார் இந்தச் சமயம் என்று ஊகித்துப் பிரித்துவிடலாம். செய்யாதீர்கள். கல்முனையிலும் காத்தான்குடியிலும் மட்டக்களப்பிலும் ஒருவருக்கொருவர் பண்டிகைக்குத் துணி வாங்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊகம் அவர்களை அவமதிக்கும். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இனம், சமயம் சார்ந்த தரவைச் சிறப்பு வகையாகவே வைத்திருக்கிறது. அவர்கள் எதை நாடினார்கள் என்பதே போதுமான சான்று.

கைபேசி குடும்பத்துக்குப் பொதுவானது என்பதையும் மறக்க வேண்டாம். உள்ளாடை, கர்ப்பகால உடை போன்ற வகைகளைக் கடை விற்குமானால் அவற்றின் பார்வைகளைப் பரிந்துரையிலேயே சேர்க்காதீர்கள். ஒரு பெண் தனியாகத் தேடியதை வீட்டார் அனைவரும் பார்க்கும் திரையில் மறுநாள் விரித்துக் காட்டுவது பெரும் தீங்கு.

படி 8: புதியவர், புதிய வடிவமைப்பு

புதிய வாடிக்கையாளருக்கு முதலில் வகைவாரியாக அதிகம் விற்பவை. அவர் ஒன்றைத் திறந்த உடனேயே படி 5 இன் பட்டியல். தறியிலிருந்து புதிதாக இறங்கிய வடிவமைப்புக்குப் பதிவு எதுவும் இல்லை. நிறமும் கரையும் ஒத்த பழைய வடிவமைப்புகளின் காவிகளைச் சராசரியாக்கி அதற்குக் கடன் கொடுங்கள். சில வாரங்களில் அது தன் பதிவைத் தானே சேர்த்துக்கொள்ளும்.

படி 9: வாடிக்கையாளர் முன் சோதித்தல்

வாடிக்கையாளரை இரு பாதியாகப் பிரித்து இரண்டு முறைகளை ஒப்பிடுவது வழக்கம். சிறு கடைக்கு அது எட்டாது. வருபவர்களில் 2 சதவீதம் வாங்குகிறார்கள், அது 2.5 ஆக உயர்ந்ததா என்று உறுதியாக அறிய ஒவ்வொரு பாதியிலும் ஏறத்தாழ 14,000 பேர் தேவை. நம்மிடம் இருப்பது மொத்தமே 2,000.

மாறாக இரண்டு பட்டியல்களையும் ஒரே வாடிக்கையாளருக்குக் கலந்து காட்டுங்கள். ஒன்றிலிருந்து ஒன்று, மற்றதிலிருந்து ஒன்று என மாறி மாறி எடுத்து, எந்தப் பட்டியல் முதலில் தொடங்குவது என்பதை ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள். பின் வாட்ஸ்அப் பொத்தான் எந்தப் பட்டியலின் பொருளில் அதிகம் அழுத்தப்பட்டது என்று எண்ணுங்கள். ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே திரை என்பதால் மிகக் குறைந்த வருகைகளிலேயே வேறுபாடு தெரியத் தொடங்கும்.

படி 10: நாளாந்த ஓட்டம்

இரவு ஒருமுறை முழுத் தாயத்தையும் மறுபடி பயிற்றுவித்து, ஒவ்வொருவருக்குமான 50 ஐ ஓர் அட்டவணையில் எழுதி வைத்தால் போதும். பக்கம் திறக்கும்போது கணக்கிட வேண்டியதில்லை. அன்றிரவு மின்சாரம் போனாலோ கணக்கு தடைப்பட்டாலோ முந்திய நாள் அட்டவணை அப்படியே இருக்கட்டும், அதுவும் இல்லாதவருக்கு அதிகம் விற்பவை. இருப்பு நீக்கத்தை மட்டும் பக்கம் திறக்கும் கணத்தில் செய்யுங்கள், ஏனெனில் கைத்தறியில் கடைசித் துண்டு காலையில் விற்றுவிடும். மாதம் ஒருமுறை சோதனை அளவுகளையும், எத்தனை வடிவமைப்புகள் திரைக்கு வந்தன என்ற எண்ணையும் எடுத்து, நெசவாளர்களோடு உட்கார்ந்து பாருங்கள். எந்த வடிவமைப்பு ஏன் வரவில்லை என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம் படி 2 இன் தொகுப்பைத் திருத்த உதவும்.